நீர்நிலை மாசை ஆராயத் தொடங்குபவருக்கு: கேள்வி முதல் முடிவு வரை

ஒரு நீர்நிலை கெட்டுவருகிறது என்பதைக் கரையில் நிற்கும் எவராலும் சொல்லிவிட முடியும். நிறம் மாறியிருக்கும், வாடை வீசும், மீன்கள் செத்து மிதக்கும். ஆனால் கெடுப்பது எது, அது எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் எவ்வளவு வருகிறது, நிறுத்தினால் நீர் தேறுமா என்ற கேள்விகளுக்குக் கண்ணும் மூக்கும் போதாது. அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது. ஏரி, குளம், ஆறு, ஓடை என எதை ஆராய முன்வந்தாலும், முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் மாணவருக்கும் தன்னார்வலருக்கும் பயன்படும் வகையில் அதன் படிகளை வரிசையாக எழுதியிருக்கிறேன். எல்லாப் படிகளுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கவில்லை. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் பிழைபடுவது மாதிரி நீர் ஆய்வகத்தை அடைவதற்கு முன்புதான் என்பதால், அந்தப் பகுதியில்தான் நீண்ட நேரம் நிற்கப்போகிறேன்.

முதல் படி: கேள்வியைச் செதுக்குதல்

"இந்த ஏரி மாசடைந்திருக்கிறதா?" என்பது கவலை, அதை அப்படியே ஆய்வுக் கேள்வியாக வைத்துக்கொள்ள முடியாது. எதை அளப்பது, எதனுடன் ஒப்பிடுவது, எந்த அளவைத் தாண்டினால் "ஆம்" என்று சொல்வது என்ற மூன்றும் அதில் இல்லை. "மழைக்காலத்தில் வடக்கு ஓடை வழியாக ஏரிக்குள் வரும் பாஸ்பரஸ், கோடையில் அதே ஓடை வழியாக வருவதைவிட அதிகமா, எத்தனை மடங்கு?" என்று கேட்டால், எங்கே போய் நிற்க வேண்டும், எத்தனை முறை போக வேண்டும், எந்தப் பாட்டிலை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கேள்வியே சொல்லிவிடும்.

நல்ல கேள்விக்கு எடுத்துக்காட்டாக நான் எப்போதும் சொல்வது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள, 226 என்ற எண்ணால் குறிக்கப்படும் சிறிய ஏரியில் நடந்த சோதனையை. ஏரிகளில் பாசி பெருகுவதற்குக் காரணம் கார்பனா, நைட்ரஜனா, பாஸ்பரஸா என்ற வாதம் அப்போது கடுமையாக நடந்துகொண்டிருந்தது. டேவிட் ஷிண்ட்லரின் குழு 1973-ஆம் ஆண்டு அந்த ஏரியின் குறுகிய இடுப்புப் பகுதியில் திரை ஒன்றைக் கட்டி அதை இரண்டாகப் பிரித்தது. இரு பக்கங்களிலும் கார்பனும் நைட்ரஜனும் இடப்பட்டன. ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸும் இடப்பட்டது. பாஸ்பரஸ் இட்ட பக்கம் பாசியால் பச்சையாக, மறுபக்கம் தெளிவாகவே இருந்தது. இரு பக்கங்களுக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாடுதான் வைக்கப்பட்டிருந்தது என்பதால் விடையில் குழப்பத்துக்கு இடமில்லாமல் போயிற்று. புதிதாகத் தொடங்குபவர் ஏரியைப் பிரிக்கத் தேவையில்லை. ஆனால் தாம் செய்யும் ஒப்பீட்டில் மாறுவது எது, மாறாமல் இருப்பது எது என்பதைத் தாளில் எழுதிவைத்துவிட்டே களத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: கருவியில்லாமல் ஒரு சுற்று

முதல் நாள் பாட்டில் எதுவும் வேண்டாம். வரைபடத்தோடு நீர்நிலையை முழுவதுமாகச் சுற்றிவந்து, நீர் உள்ளே வரும் ஒவ்வொரு வாயையும், வெளியேறும் வழியையும், கழிவுநீர்க் குழாய்களையும், கால்நடைகள் இறங்கும் இடத்தையும், உரமிடும் வயல்கள் கரையை ஒட்டியிருக்கும் பகுதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நீரை நம்பி வாழ்பவர்களிடம் பேசுங்கள். எந்த மாதத்தில் மீன் சாகிறது, எந்த நேரத்தில் நுரை வருகிறது, எந்தக் காற்றுக்குப் பாசி எந்தக் கரையில் ஒதுங்குகிறது என்பதெல்லாம் மீனவருக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தகவல் ஒரு பருவகால வேலையை மிச்சப்படுத்தக்கூடும். முன்பு எவரேனும் எடுத்த அளவீடுகள் உள்ளனவா என்று தேடுவதும், நுழைவதற்கான அனுமதியைப் பெறுவதும் இந்தக் கட்டத்தில் முடிந்துவிட வேண்டும்.

தனியாக நீரில் இறங்கக் கூடாது. படகில் மிதவை உடை கட்டாயம். கையுறை எப்போதும் வேண்டும். பச்சை வண்ணம் பூசியது போல நீலப்பச்சைப்பாசி படர்ந்திருக்கும் நீரில் நச்சுப் பொருள்கள் இருக்கலாம் என்பதால், அதைத் தொட்ட கையை உடனே கழுவிவிட வேண்டும்.

மூன்றாம் படி: எங்கே எடுப்பது

கழிவுநீர்க் குழாயின் விளைவை அறிய வேண்டுமானால், ஆற்றின் போக்கில் குழாய்க்கு மேலே ஓரிடமும் கீழே ஓரிடமும் வேண்டும். கீழே எடுக்கும் இடம் குழாயின் வாயருகே இருந்தால் அது கழிவுநீரின் மாதிரியாகுமே தவிர ஆற்றின் மாதிரி ஆகாது. இரண்டும் கலந்து முடியும் தொலைவு வரை கீழே செல்ல வேண்டும். கலந்துவிட்டதா என்பதை ஆற்றின் குறுக்கே சில இடங்களில் மின்கடத்துதிறனை (நீரில் கரைந்த உப்புகளுக்கேற்ப மாறும் அளவு) அளந்தே கண்டுபிடித்துவிடலாம்: இரு கரைகளிலும் நடுவிலும் ஒரே எண் வந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள்.

இங்கே தொடக்கநிலை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பிழை ஒன்று உண்டு. மேலே ஓரிடத்தில் பத்துப் பாட்டில், கீழே ஓரிடத்தில் பத்துப் பாட்டில் எடுத்துவிட்டு, இருபது மாதிரிகள் இருப்பதாகக் கணக்கிட்டுப் புள்ளியியல் சோதனை செய்வார்கள். ஓரிடத்தில் ஒரே வேளையில் எடுத்த பத்துப் பாட்டில்களும் அந்த ஓரிடத்தைப் பற்றித்தான் பேசும். ஸ்டூவர்ட் ஹர்ல்பெர்ட் 1984-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதைப் போலி மறுசெய்கை என்று பெயரிட்டு விளக்கிய பிறகும் இந்தப் பிழை ஒழியவில்லை. பாட்டில்களை ஓரிடத்தில் குவிப்பதற்குப் பதிலாக அவற்றைப் பல இடங்களுக்கும் பல நாள்களுக்கும் பகிர்ந்துவிடுவது எப்போதும் மேலானது.

ஆழமான ஏரியில் மேற்பரப்பு நீரை மட்டும் எடுப்பது பாதி உண்மையைத்தான் தரும். வெப்பமான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் அடியிலும் அடுக்குகளாக நின்றுவிடும்போது அடியடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகலாம். அப்போது வண்டலில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மீண்டும் நீருக்குள் வருகிறது. வெளியிலிருந்து வரும் கழிவை நிறுத்திய பிறகும் சில ஏரிகள் பல ஆண்டுகள் தேறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே ஆழமான இடத்தில் மேல், நடு, அடி என மூன்று ஆழங்களிலாவது அளக்க வேண்டும்.

நான்காம் படி: எப்போது எடுப்பது

இடத்தைப் பற்றி யோசிப்பவர்களில் பலர் நேரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. என் கணிப்பில் இந்த வேலையில் மிகப் பெரிய தவறுகள் கடிகாரத்தைப் பார்க்காததால் வருகின்றன.

கரைந்த ஆக்சிஜனையே எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 பாகையில் சுமார் 7.6 மில்லிகிராம்தான். நீர் சூடாகும்போது கொள்ளளவு குறைய, உயிர்களின் மூச்சுத் தேவையோ கூடுகிறது. இதன்மேல் பாசி செய்யும் நாள்சுழற்சி வேறு. பகல் முழுவதும் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இரவில் மற்ற உயிர்களைப் போலவே அதை உட்கொள்கிறது. பாசி மிகுந்த குளத்தில் பிற்பகலில் நிறைவளவையும் தாண்டி நிற்கும் ஆக்சிஜன், விடிவதற்குச் சற்று முன்பு ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு இறங்கிவிடக்கூடும். மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பது இதனால்தான். தினமும் முற்பகல் பதினொரு மணிக்கு வந்து அளப்பவர், ஆண்டு முழுவதும் அளந்தாலும், "ஆக்சிஜன் குறைவே இல்லை" என்று மனசாட்சியோடு எழுதிவிட்டுப் போவார். அவருடைய ஒவ்வோர் எண்ணும் சரியாக இருக்கும். முடிவு தவறாக இருக்கும்.

அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் இதே சுழற்சியில் ஆடுகிறது. பகலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் பிஎச் ஏறுகிறது. அதை வெறும் எண்ணாகப் பார்க்கக் கூடாது. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. மின்னூட்டம் இல்லாத வடிவமே மீனுக்குக் கொடிய நஞ்சு. 25 பாகையில் பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய அரை விழுக்காடு மட்டும் அந்த நச்சு வடிவத்தில் இருக்கும். பிஎச் 9-க்கு ஏறினால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த வடிவத்துக்கு மாறிவிடும். காலையில் தீங்கு செய்யாத அதே அளவு அம்மோனியா, ஒரு துளி கூடச் சேராமலே, பிற்பகலில் மீனைக் கொல்லும் என்பதே இதன் பொருள். ஆகவே அம்மோனியாவை அளப்பவர் பிஎச்சையும் வெப்பநிலையையும் அதே இடத்தில் அதே நிமிடத்தில் அளந்தே தீர வேண்டும்.

ஒருமுறையேனும் இருபத்து நான்கு மணி நேரம் கரையில் தங்கி, இரண்டு அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஆக்சிஜன், பிஎச், வெப்பநிலை ஆகியவற்றை எழுதிப் பாருங்கள். அந்த ஓர் இரவு, நீர்நிலையைப் பற்றி ஒரு பாடநூல் சொல்லாததைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகு வழக்கமான மாதிரி நேரத்தை முடிவு செய்து, எல்லா நாள்களிலும் அதே நேரத்தைக் கடைப்பிடியுங்கள்.

மழையும் இதே கணக்கில் சேரும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழை, நிலத்தில் தேங்கியிருந்த அழுக்கையும் உரத்தையும் ஒரே மூச்சில் அடித்துக்கொண்டு வரும். ஆண்டு முழுவதும் வரும் மாசில் பெரும்பங்கு ஒருசில மழைநாள்களில் வந்துவிடலாம் என்பதால், மழை நாளில் வீட்டில் இருந்துவிடுகிற ஆய்வாளர் அந்தப் பங்கை முழுவதுமாகத் தவறவிடுவார்.

ஐந்தாம் படி: களத்திலேயே அளக்க வேண்டியவை

வெப்பநிலை, கரைந்த ஆக்சிஜன், பிஎச், மின்கடத்துதிறன், ஒளி ஊடுருவும் ஆழம் ஆகிய ஐந்தையும் களத்திலேயே அளந்துவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து எடுத்துச் செல்லும்போது இவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே மாறிவிடும். மின்னணுக் கருவிகளை அன்றன்றே அளவுத்திருத்தம் செய்யுங்கள். பிஎச் மானிக்குக் குறைந்தது இரண்டு தாங்கல் கரைசல்கள் (பிஎச் அளவு முன்பே தெரிந்த கரைசல்கள்) வேண்டும். எதிர்பார்க்கும் அளவு அந்த இரண்டுக்கும் இடையில் விழ வேண்டும். கருவி காட்டிய திருத்தத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆக்சிஜன் மானி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம்: ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் விங்க்லர் 1888-இல் வெளியிட்ட, செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளக்கும் தரம்பார்த்தல் முறை இன்றும் நம்பகமானது, மானிகளைச் சரிபார்க்கவும் அதுவே பயன்படுகிறது.

தெளிவை அளக்கும் செக்கி வட்டு இன்னும் எளிமையானது. ஆஞ்செலோ செக்கி 1865-இல் மத்தியதரைக் கடலில் வெள்ளை வட்டுகளை இறக்கிச் சோதித்த முறையிலிருந்து வந்தது இது. ஏரிகளில் இப்போது பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்பகுதிகள் தீட்டிய வட்டைப் பயன்படுத்துகிறார்கள். படகின் நிழல் விழும் பக்கத்தில் வட்டை மெதுவாக இறக்கி, கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். குளிர்கண்ணாடி அணியாமல், சூரியன் உயரத்தில் இருக்கும் நடுப்பகல் வேளையில் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: பாட்டில்

ஆற்றில் நிற்கும்போது நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, கலக்கப்படாத நீரை உங்களுக்கு மேற்புறத்திலிருந்து எடுங்கள். கால் கிளறிய சேறு பாட்டிலுக்குள் போனால் பாஸ்பரஸும் உலோகங்களும் பொய்யாக உயர்ந்துவிடும். சாதாரணப் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பலாம். நுண்ணுயிர்ச் சோதனைக்கான கிருமிநீக்கிய பாட்டிலையும், முன்பே அமிலம் இட்ட பாட்டிலையும் அலசக் கூடாது. உலோகங்களுக்கு அமிலத்தால் கழுவிய பிளாஸ்டிக், பூச்சிக்கொல்லி முதலிய கரிமப் பொருள்களுக்குக் கண்ணாடி என்று பாட்டில்களைப் பிரித்துவைக்க வேண்டும். பெயர், இடம், நாள், நேரம் எழுதிய சீட்டைப் பாட்டில் நனைவதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள்.

பாட்டிலை மூடிய நொடியிலிருந்து உள்ளே உயிர்களின் வேலை நடந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்கவே குளிர்பெட்டியும் அமிலமும். மாதிரிகளைப் பனிக்கட்டியில், இருட்டில், உறையாமல் சுமார் 4 பாகையில் வைக்க வேண்டும். கரைந்த பாஸ்பேட்டுக்கு 0.45 மைக்ரோமீட்டர் வடிதாள் வழியாகக் களத்திலேயே வடிகட்டிவிட்டு 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும். உலோகங்களுக்கான மாதிரியில் பிஎச் 2-க்குக் கீழே இறங்கும் வரை நைட்ரிக் அமிலம் சேர்த்தால் மாதக்கணக்கில் வைக்கலாம். நைட்ரிக் அமிலமே நைட்ரேட்டைச் சேர்த்துவிடும் என்பதால் அதே பாட்டிலில் நைட்ரேட்டைச் சோதிக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும் என்றாலும், அவசரத்தில் அப்படிச் செய்துவிடுகிறவர்கள் உண்டு.

ஏழாம் படி: வெற்று மாதிரி

தூய நீரைக் களத்துக்கு எடுத்துச் சென்று, அங்கே மற்ற மாதிரிகளைப் போலவே பாட்டிலில் ஊற்றி, அதே அமிலத்தை இட்டு, அதே பெட்டியில் கொண்டுவருவதே வெற்று மாதிரி. இதில் மாசு தெரிந்தால் அது உங்கள் கையிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ வந்தது. வீண்செலவு என்று நினைப்பவர்கள் கிளேர் பாட்டர்சனை நினைத்துக்கொள்ளலாம். விண்கற்களில் உள்ள ஈயத்தைக் கொண்டு பூமியின் வயதைக் கணக்கிட முயன்ற அவருக்கு, எண்கள் நெடுங்காலம் ஒத்துவரவில்லை. காற்று, தூசி, கருவி, வேதிப்பொருள் என எல்லாவற்றிலிருந்தும் ஈயம் மாதிரிக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அதை நீக்கும் தூய்மையான ஆய்வகத்தை உருவாக்கிய பிறகே 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்ற விடையை அவரால் வெளியிட முடிந்தது. தம் ஆய்வகத்தைக் கெடுத்த ஈயம் உலகெங்கும் பரவியிருக்கிறது என்பதையும் அந்தப் போராட்டமே அவருக்குக் காட்டிக்கொடுத்தது. ஈயம் கலந்த பெட்ரோலுக்கு எதிரான அவருடைய வாதம் அங்கிருந்து எழுந்தது.

பத்து மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரி, ஓர் இரட்டை மாதிரி (அதே இடத்தில் அதே வேளையில் எடுக்கும் இரண்டாவது பாட்டில்) என்பது கையாளத்தக்க வழக்கம். இரட்டை மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடே உங்கள் முறையின் துல்லியத்தைக் காட்டும். அந்த வேறுபாட்டைவிடச் சிறிய மாற்றத்தை ஏரியின் மாற்றமாக அறிவிக்கக் கூடாது.

எட்டாம் படி: நீரை மட்டும் பார்க்காதிருத்தல்

பாட்டில் அந்த நொடியைச் சொல்லும். ஆற்றின் அடியில் வாழும் சிற்றுயிர்கள் கடந்துபோன மாதங்களைச் சொல்லும். கல் ஈ, மே ஈ போன்றவற்றின் இளம்பருவப் பூச்சிகள் ஆக்சிஜன் குறைந்த நீரில் தாக்குப்பிடிப்பதில்லை. இரத்தச் சிவப்பு நிறமுள்ள சில கொசுவின ஈக்களின் புழுக்களும், வண்டலில் வாழும் மெல்லிய சிவப்புப் புழுக்களும் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் இருப்பதால் அங்கேயும் வாழும். இரவில் யாருக்கும் தெரியாமல் திறந்துவிடப்படும் கழிவைப் பகலில் எடுத்த பாட்டில் காட்டாது. மறைந்துபோன பூச்சிகள் காட்டிக்கொடுக்கும். ஒரே அளவு கண்ணியுள்ள வலை, ஒவ்வோரிடத்திலும் ஒரே நேரம், எடுத்துக்காட்டாக மூன்று நிமிடம், கால்களால் அடிமட்டத்தைக் கிளறிச் சேகரிப்பது என்று முறையை நிலையாக வைத்துக்கொண்டால் போதும்.

உணவுச்சங்கிலியில் ஏறும் நஞ்சுகளுக்கு நீரை அளப்பதே தவறான தொடக்கமாகிவிடும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்குக் காரணமான மெத்தில் பாதரசம், மீன்களின் உடலிலும் சிப்பிகளிலும் செறிந்து மனிதர்களை அடைந்தது. பாதரசத்தைத் தேடுகிறவர் வண்டலையும் மீனின் தசையையும் சோதிக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எண்களைக் கையாளுதல்

ஆய்வகத்திலிருந்து வந்த மூலத் தரவைத் தனிக் கோப்பில் பூட்டிவைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். கண்டறி வரம்புக்கு, அதாவது ஆய்வு முறையால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு, கீழே உள்ளதைச் சுழியமாக எழுதக் கூடாது. "வரம்புக்குக் கீழ்" என்று வரம்பின் அளவோடு எழுத வேண்டும். அலகுகளில் விழிப்பாக இருங்கள்: நைட்ரேட்டை நைட்ரஜனாகக் கணக்கிட்டு 10 மில்லிகிராம் என்பதும், முழு நைட்ரேட்டாகக் கணக்கிட்டு ஏறக்குறைய 44 மில்லிகிராம் என்பதும் ஒரே நீர்தான். இதைக் கவனிக்காமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால், மாசு நான்கு மடங்கு கூடிவிட்டதாகவோ குறைந்துவிட்டதாகவோ தோன்றும்.

ஏரிக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைச் செறிவு மட்டும் சொல்லாது. ஓட்டத்தையும் அளந்து பெருக்க வேண்டும். நொடிக்கு ஒரு கன மீட்டர் ஓடும் ஓடையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால், நாளொன்றுக்கு 86.4 கிலோகிராம் ஏரிக்குள் போகிறது. செறிவு மிகுந்த சிறிய சாக்கடையைவிடச் செறிவு குறைந்த பெரிய ஓடையே முதன்மையான குற்றவாளி என்று இந்தப் பெருக்கல் பலமுறை காட்டும். எந்த வாயை முதலில் சரிசெய்வது என்ற முடிவையே அது மாற்றிவிடும்.

பத்தாம் படி: முடிவை நீருக்குத் திருப்பித் தருதல்

அமெரிக்காவின் சியாட்டில் அருகே உள்ள வாஷிங்டன் ஏரியில் 1955-இல் கழிவுநீரின் அறிகுறியான ஒருவகைப் பாசி காணப்பட்டது. தாமஸ் எட்மண்ட்சன் தம் அளவீடுகளை 1930-களின் பழைய அளவீடுகளோடு ஒப்பிட்டு, பாஸ்பரஸே காரணம் என்றும், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்றும் எளிய மொழியில் விளக்கினார். மக்கள் வாக்களித்தார்கள், 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீர் ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது, நீர் மீண்டும் தெளிந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்பு யாரோ பொறுமையாக எழுதிவைத்த அளவீடுகள் இல்லாவிட்டால் அந்த வாதம் இவ்வளவு வலுப்பெற்றிருக்காது.

எனவே உங்கள் அறிக்கையோடு மூலத் தரவு, இடங்களின் ஆயத்தொலைவுகள், கருவிகளின் அளவுத்திருத்தக் குறிப்புகள், வெற்று மாதிரிகளின் விடைகள் ஆகியவற்றையும் பொதுவில் கிடைக்கும்படி வையுங்கள். அந்த நீரைப் பயன்படுத்தும் மக்களுக்கு ஒரே ஒரு பக்கத்தில், ஒரு வரைபடத்தோடு, கண்டதைச் சொல்லுங்கள். அவர்களில் ஆர்வமுள்ள இருவருக்குச் செக்கி வட்டையும் குறிப்பேட்டையும் கொடுத்து மாதமொருமுறை அளக்கக் கற்றுக்கொடுங்கள். பொதுவளங்களை மக்கள் எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம், நீண்டகாலம் நிலைத்த ஏற்பாடுகளில் பயனாளர்களே கண்காணிப்பவர்களாகவோ, கண்காணிப்பவர்கள் பயனாளர்களுக்குப் பொறுப்பானவர்களாகவோ இருந்ததைக் கண்டார். அறிக்கையை ஒப்படைக்கும் அன்றே அடுத்த அளவீட்டு நாளையும் அவர்களோடு சேர்ந்து குறித்துவிடுங்கள்: இதே இடங்கள், இதே நேரம், இதே ஆழம்.